சுற்றி வந்த சோறு

டிசம்பர் 2

பெரிய தெருக்காரர்கள் எங்கள் கத்தரிக்காயைத் தின்பார்கள். எங்கள் கத்தரிக்காய்க் குழம்பைத் தின்னமாட்டார்கள்.

கோபத்தில் எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமைதோறும் நடப்பதுதான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அம்மா போட்டிருக்கும் தோட்டத்திலிருந்து கத்தரி, வெண்டை, தண்டுக்கீரை என்று கூடை நிறைய எடுத்துப்போவாள். பெரிய தெரு முனையில் கூடையை இறக்கிவைத்து நாலடி நகர்ந்து நிற்பாள். அவர்கள் குனிந்து பொறுக்குவார்கள். "அஞ்சலை, ஒங்கையி ராசிக்கை, பூச்சியே இல்ல பாரு" என்பார்கள். அடுப்பில் ஏறும்வரை காய்க்குச் சாதி கிடையாது.

அம்மா பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையலர். பத்தொன்பது பிள்ளைகள். எல்லாரும் காலனிப் பிள்ளைகள். பெரிய தெருப் பிள்ளைகள் மஞ்சள் வேனில் டவுனுக்குப் போய் இங்கிலீஷ் படிக்கிறார்கள். இங்கிலீஷ் மேல் அத்தனை ஆசை என்று நம்ப நான் தயாராக இல்லை.

முந்தாநாள் அடித்த புயலில் காலனியில் ஒரு கூரை மிச்சமில்லை. அறுபது குடும்பமும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். போன் கோபுரம் சாய்வதற்கு முன்னால் தலைமையாசிரியர் கடைசியாகப் பேசியிருக்கிறார். "ஸ்டாக்ல இருக்கிற அரிசி பருப்பு எல்லாத்தையும் எடுத்து ஆக்கிப் போடுங்க அஞ்சலை. கேள்வி வந்தா நான் பாத்துக்கறேன்." இந்த ஊரில் ஒரு நல்ல வார்த்தை வெளியூர்க்காரரிடமிருந்துதான் வருகிறது.

கத்தரிச் செடி ஒன்றுகூட நிற்கவில்லை. ஆனால் மண்ணுக்குள் மரவள்ளி இருக்கிறது. பூசணிக் கொடி நாசமானாலும் காய் கிடக்கிறது. முருங்கை வேரோடு சாய்ந்துவிட்டது. சாய்ந்த மரத்தில் கீரை பறிக்க ஏணி வேண்டாம் என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் 3

நாற்பது கிலோ மரவள்ளி பிடுங்கினோம். நகத்தில் மண் போகவே இல்லை.

பெரிய தெருவிலும் அடுப்பு எரியவில்லையாம். தென்னை எல்லாம் வீட்டின் மேல் விழுந்திருக்கிறது. குதிரில் இருந்த நெல் ஊறி முளைத்துவிட்டது. விறகு சொதசொதவென்று நனைந்துவிட்டது, சிலிண்டர் தீர்ந்துவிட்டது. டவுனுக்குப் போகிற வழியில் வாய்க்கால் பாலம் உடைந்துபோனதால் எந்த வண்டியும் வரமுடியாது. தாசில்தார் ஜீப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்று, கண்ணாடியை இறக்கி, ஏற்றி, திரும்பிப் போனது.

எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து பெரிய தெரு முந்நூறு மீட்டர். சாம்பார் கொதித்தால் அங்கே மணக்கும். ஒருத்தர் வரவில்லை. பட்டினி கிடக்கட்டும் என்றேன்.

"பச்ச ஒடம்புக்காரி ஒருத்தி கெடக்கா அந்தத் தெருவுல. அவளுமா கெடக்கட்டும்?" என்றாள் அம்மா.

பிருந்தாவைச் சொல்கிறாள். குழந்தை பிறந்து ஒன்பது நாள்.

பிருந்தாவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. டவுனில் மகளிர் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடமும் ஒரே பெஞ்சு. நான் இங்கிருந்து பஸ்ஸில் போவேன். அவள் அந்த ஊர்க்காரி. அவளுக்கு அம்மா கிடையாது. அண்ணி கட்டித்தரும் தயிர்சாதத்தை என்னிடம் தள்ளிவிட்டு என் டப்பாவை இழுத்துக்கொள்வாள். அம்மாவின் பூண்டுக் குழம்பு என்றால் டப்பாவின் மூடியையும் விரலால் வழித்துத் தின்பாள். "ஒங்கம்மாவ எனக்குக் குடுத்துடுடி" என்பாள். ஒருநாள் மழையில் பஸ் வரவில்லை என்று ஸ்டாண்டில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் இரண்டு பஸ்ஸை விட்டேன்.

பிறகு எங்கள் ஊருக்கே, பெரிய தெருவுக்கே, கோகிலம் வீட்டு மருமகளாக வந்தாள். மூன்று வருடமாகிறது. ரேஷன் கடையில் எதிரெதிரே நின்றிருக்கிறோம். பக்கத்தில் மாமியார் நின்றதால் பிருந்தா எடை மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் சிங்கப்பூரில்.

அவ்வளவுதான். எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 4

அம்மா ஒரு திருட்டு வேலை செய்யப்போகிறாள். காலனிப் பெண்கள் எல்லாரும் உடந்தை.

தண்ணீர் கேன் போடும் காதர் பாயின் குட்டியானை வண்டி புயலன்று பாலத்துக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. அவரும் எங்களோடுதான் சாப்பிடுகிறார். அம்மாவின் யோசனை இதுதான். சோற்றை அண்டாவில் ஏற்றி, பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் வாய்க்கால் கரையோடு போய், உடைந்த பாலத்தருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, டவுன் ரோட்டிலிருந்து வருவதுபோல் பெரிய தெருவுக்குள் நுழைய வேண்டும். டவுன் கல்யாண மண்டபத்தில் சமைத்து, பாலத்தில் தலைச்சுமையாகக் கடத்திக் கொடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

முந்நூறு மீட்டர் போகவேண்டிய சோறு இரண்டு கிலோமீட்டர் சுற்றினால் சுத்தமாகிவிடும்.

"மானமே இல்லையாம்மா ஒனக்கு?" என்றேன்.

"ரோடு தெறக்கிற வரைக்கும்டி. பத்து நாள். அப்புறம் அவங்க பாடு."

டிசம்பர் 5

தின்றார்கள். அண்டா வழித்துக்கொண்டு வந்தது.

காதர் பாய் நடித்தே காட்டினார். "டவுன்ல யாரு பாய் சமையல், சாம்பார் இந்த மணம் மணக்குதுன்னு கேட்டாங்க. மண்டபத்துல ஒரு அய்யர் ஆக்குறாருன்னு அடிச்சு விட்டேன்."

அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "அடப்பாவி, என்னைய அய்யராக்கிட்டியா!"

"பூணூல் நாளைக்கி வாங்கியாறேன் அஞ்சலக்கா."

எல்லாப் பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் எழுந்துபோய்ப் பூசணி நறுக்கினேன்.

டிசம்பர் 6

பிருந்தாவுக்கு இன்னும் உதிரப்போக்கு நிற்கவில்லையாம். புயலுக்கு முன்னால் வந்துபோன நர்சு, எழுந்து நடக்கக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும், சூடாகச் சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். கோகிலமே பாயிடம் சொன்னது. டவுன்காரர்கள் ஏதாவது பத்தியமாகத் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறாள்.

அம்மா உடனே உட்கார்ந்து பூண்டு உரித்தாள். இரண்டு கை நிறைய. சுட்டு, நசுக்கி, மிளகு தட்டிப்போட்டு, நல்லெண்ணெயில் குழம்பு வைத்துச் சின்னத் தூக்கில் தனியாகக் கொடுத்தாள். "பிள்ள பெத்தவளுக்குன்னு அய்யர் தனியா குடுத்தாருன்னு சொல்லு."

சாயங்காலம் காலித் தூக்கு வந்தது. பாய் அம்மாவிடம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "அந்தப் பொண்ணு தூக்கைக் குடுக்கிறப்போ யாருக்கும் கேக்காம ஒண்ணு சொல்லுச்சுக்கா. 'டப்பா மூடியக்கூட வழிச்சிட்டேன்னு சொல்லுங்க'ன்னுச்சு. யாருகிட்டன்னு சொல்லல."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆக, அவளுக்குத் தெரியும். முதல் வாயிலேயே தெரிந்திருக்கும். தெரிந்தும் தின்றிருக்கிறாள். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். யார் சமைத்தது என்று ஒரு வார்த்தை, அந்தத் தெருவில், சத்தமாகச் சொல்ல அவளுக்கு வாய் இல்லை. மூடியை நக்கிவிட்டு ரகசியம் பேசுகிறாள்.

எனக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. கொள்கை அளவில் சொல்கிறேன்.

டிசம்பர் 7

குரூப் ஃபோர் புத்தகங்களை வெயிலில் காயப்போட்டேன். நாளைக்கு வண்டியில் நானும் போகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள் அம்மா. போவேன் என்றேன்.

டிசம்பர் 8

சொல்லிவிட்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பதினோரு மணிக்கு வண்டி பெரிய தெருவுக்குள் போனது. நான் பின்னால் அண்டாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குண்டானோடும் தூக்கோடும் ஜனங்கள் வந்தார்கள். நான் கரண்டியை எடுத்தேன்.

"ஏய், நீ அஞ்சல மவதானே? நீ எங்க இதுல?" என்றாள் கோகிலம்.

"ஒத்தாசைக்கு வந்துச்சும்மா. ஆளு இல்ல," என்றார் பாய்.

"ஒத்தாசைக்கு வேற ஆளா கெடைக்கல? யம்மாடி, நீ எறங்காத. அங்ஙனயே ஓரமா ஒக்காரு. கரண்டிய அவருகிட்ட குடு. அவரு ஊத்தட்டும்."

கொடுத்தேன். உண்மையிலேயே கொடுத்தேன். பேசாமல் வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

பாய் ஊற்ற ஊற்ற கோகிலம் பேசிக்கொண்டே இருந்தாள். "என்ன இருந்தாலும் டவுன்காரங்க சுத்தம் சுத்தம்தான். பள்ளிக்கூடத்துலயும்தான் பொங்கிப் போடறாளாம் இவ ஆத்தா. அத யாரு வாயில வைக்கிறது?" பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

வீட்டு வாசலில் பிருந்தா நின்றிருந்தாள். குழந்தை தோளில். முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, அப்படியே பாதியாகிப்போயிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் அவளையே பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். இல்லாவிட்டால் சும்மா ஒரு பார்வை. அவள் குனிந்து குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். துணி சரியாகத்தான் இருந்தது.

வண்டியிலேயே எழுந்து நின்றுகொண்டேன்.

"மூணு நாளா நீங்க தின்னது எங்கம்மா வச்ச சோறு. இதுவும் அதான். அய்யரும் இல்ல, மண்டபமும் இல்ல. பள்ளிக்கூடத்து அடுப்பு, காலனித் தோட்டம், எங்கம்மா கை. நல்லா இருந்துச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. வேணும்னா ஒங்க மருமகளக் கேளுங்க. அவளுக்கு அந்த ருசி அஞ்சு வருசமாத் தெரியும்."

பாயின் கையிலிருந்த கரண்டி சாய்ந்து சாம்பார் தரையில் சொட்டியது. பிறகு ஒருத்தர் சாக்கடை ஓரம் போய் வாயில் விரலை விட்டார். தூக்குகள் கவிழ்ந்தன. எவனோ அண்டாவை எட்டி உதைத்தான். கல் வந்து வண்டியின் கண்ணாடியில் விழுந்தது. பாய் ரிவர்ஸிலேயே வாய்க்கால் வரைக்கும் ஓட்டினார்.

"ஒன்ன வண்டியில ஏத்தினதுக்கு என்னயச் செருப்பால அடிக்கணும்," என்றார்.

என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பூண்டுக் கொழம்பு?"

அதுவும் கவிழ்ந்துவிட்டது.

டிசம்பர் 9

அம்மா காலையிலேயே பச்சையாக அனுப்பிப் பார்த்தாள். அரிசி, மரவள்ளி, பூசணி, பூண்டு, ஒரு கட்டுக் காய்ந்த விறகு. சமைக்காததுதானே, எப்போதும் வாங்குகிறதுதானே என்று கணக்குப் போட்டாள். பாய் நடந்தே கொண்டுபோனார்.

திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தோட்டத்து மண்ணே ஆகாதாம் இனிமேல். இருபது வருடமாகச் செவ்வாய்க்கிழமைதோறும் ஆகிவந்த மண்.

நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் இதற்கு அர்த்தம். அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. அம்மாவிடம் இதை விளக்கினேன். அவள் திரும்பி வந்த பூண்டை ஒவ்வொன்றாக எடுத்துப் பானையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

கோகிலம் வீட்டில் முளைவிட்ட நெல்லைக் குத்திக் கஞ்சி வைத்தார்களாம். புளித்துப்போய்ப் பிருந்தா வாந்தி எடுத்தாளாம். பால் சுரக்கவில்லை என்று குழந்தை அழுதபடியே இருக்கிறதாம். இதெல்லாம் அந்தத் தெருவில் மாடு கறக்கிற பெண் பாயிடம் சொன்னது. எவ்வளவு உண்மை என்று தெரியாது.

டிசம்பர் 10

பிருந்தாவை டவுனுக்கு, அண்ணன் வீட்டுக்கு, அனுப்பிவிட்டார்கள். இங்கே சோற்றுக்கு வழியில்லை என்று ஒரு காரணம். காலனிச் சோறு என்று தெரிந்தே தின்றாள், வீட்டிலுள்ளவர்களிடம் மறைத்தாள் என்று இன்னொரு காரணம். பாலம் வரைக்கும் நடக்க வைத்திருக்கிறார்கள்.

நான் பாலத்துக்குப் போயிருந்தேன். வேறு வேலையாக. தண்ணீர் எவ்வளவு வடிந்திருக்கிறது என்று பார்க்க.

உடைந்த இடத்தில் இரண்டு தென்னை மரத்தைக் குறுக்கே போட்டிருந்தார்கள். குழந்தையைக் கோகிலத்தின் தம்பி முதலில் தூக்கிக்கொண்டு கடந்தான். அந்தப் பக்கம் அவனுடைய பைக் நின்றது. பிருந்தா கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக வைத்தாள். என்னைத் தாண்டித்தான் போனாள்.

ஒன்றும் பேசவில்லை.

பதினெட்டு கிலோமீட்டர் பைக்கில். மழை தூறியது.

டிசம்பர் 11

இருபது கிலோ அரிசி. முருங்கைக்கீரை தீர்ந்தது. அம்மாவுக்குக் கையில் கொப்புளம்.

டிசம்பர் 12

பிருந்தா இறந்துவிட்டாள்.

பாதி வழியிலேயே உதிரம் பெருகியிருக்கிறது. பைக்கின் சீட்டிலிருந்து வழிந்து சைலன்சரில் விழுந்து புகைந்ததைப் பார்த்துத்தான் கோகிலத்தின் தம்பி நிறுத்தினானாம். விழுந்து கிடந்த மரங்களை எல்லாம் சுற்றி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் விடியற்காலையில் போய்விட்டாள். குழந்தை இருக்கிறது. பெண் குழந்தை. இத்தனை நாளில் அதுகூட எனக்குத் தெரியாது.

அந்தத் தெரு அவளைக் கொன்றது. எழுதிவைக்கிறேன். கோகிலம் கொன்றாள், அவள் தம்பி கொன்றான், வாயில் விரலை விட்டவன் கொன்றான், அண்டாவை உதைத்தவன் கொன்றான், ஜீப்பின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனவன் கொன்றான்.

பட்டியலை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 13

அண்ணன் ஊரிலேயே எடுத்துவிட்டார்கள். நானும் அம்மாவும் நடந்தே பாலத்தைத் தாண்டி, லாரி ஏறிப் போனோம். தெருமுனையில் ஒருத்தர் நிறுத்தி, "நீங்க யாரு?" என்று கேட்டார்.

"கூடப் படிச்சவ," என்றேன்.

"எந்த ஊரு? எந்தத் தெரு?"

சொன்னேன். அவர் அங்கேயே நிற்கச் சொன்னார். நின்றோம். எங்களுக்கு முன்னால் யார் யாரோ போனார்கள். பாடை தெரிந்தது, முகம் தெரியவில்லை. அம்மா ஒரு தூக்குக் கொண்டுவந்திருந்தாள். வழக்கமாகத் துக்க வீட்டுக்குக் கொண்டுபோவதுபோல. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் திருப்பிக் கொண்டுவந்தாள்.

டிசம்பர் 14

பத்தாம் தேதி எழுதியது பொய்.

தண்ணீர் பார்க்கப் போகவில்லை. அவளை அனுப்புகிறார்கள் என்று காலையிலேயே தெரிந்துதான் போனேன். தடுக்கவேண்டும் என்று போனேன். நடக்கக்கூடாது என்று நர்சு சொன்னது கோகிலத்துக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அங்கே போய் நின்றபோது வாய் வரவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால் வண்டியில் எழுந்து நின்று முழங்கிய அதே வாய்.

அவள் பேசினாள்.

மரத்தில் கால் வைப்பதற்கு முன்னால் மூச்சு வாங்க நின்றாள். கோகிலம் பின்னால் பையோடு வந்துகொண்டிருந்தாள். பிருந்தா என்னைப் பார்த்து, மூன்று வருடத்தில் முதல்முறையாக நேராகப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள்.

"நீ சொன்னது சரிதாண்டி. ரோடு தெறந்தப்புறம் சொல்லியிருக்கலாம்ல?"

கோபமே இல்லை அந்தக் குரலில். பரீட்சையில் ஒரு கேள்வியை விட்டுவிட்டு வந்தால், வெளியே வந்து என்னிடம் இப்படித்தான் பேசுவாள். பிறகு, "பசிக்குதுடி," என்றாள். கோகிலம் வந்துவிட்டாள். பிருந்தா கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

என் கையில் ஒன்றும் இல்லை. சோற்றுக் குண்டான் பக்கத்திலிருந்து எழுந்து போனவள் நான். ஒரு மரவள்ளித் துண்டுகூட எடுத்துப்போகவில்லை.

டிசம்பர் 15

பாலத்தில் மண் கொட்டுகிறார்கள்.

டிசம்பர் 16

வண்டிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. டவுனிலிருந்து உண்மையான சோறு, உண்மையான மண்டபத்திலிருந்து, பெரிய தெருவுக்கு வந்தது. பாய் கண்ணாடி மாற்றப் போயிருக்கிறார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

டிசம்பர் 17

பள்ளிக்கூடம் திறந்தது. ஜனங்கள் தார்ப்பாய் கட்டிக்கொண்டு காலனிக்குத் திரும்பிவிட்டார்கள். தலைமையாசிரியர் வந்து ஸ்டாக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அம்மா தோட்டத்தைக் கொத்தி நாற்று விட இடம் பண்ணியிருக்கிறாள். பிறகு உலை வைத்தாள். பத்தொன்பது பிள்ளைகளுக்கு.

எட்டாம் தேதியிலிருந்து அவள் என்னைத் திட்டவில்லை. ஒரு தடவைகூட. சாப்பிடு என்கிறாள், குளி என்கிறாள், கொடியில் துணி காயுது எடு என்கிறாள். அடித்திருந்தால்கூடத் தேவலாம்.

சமையலறைக்குள் போய் அவளுக்கு எதிரே நின்றேன்.

"நான் சொன்னது பொய்யாம்மா?"

அவள் அரிசியைக் கிளறினாள்.

"ஒன் கையால தின்னுட்டு ஒன்னையே கேவலமாப் பேசினா. நான் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கணுமா? இருபது வருசமா நீ நாலடி தள்ளி நின்னியே, நானும் அப்படி நிக்கணுமா? யாராவது ஒருத்தி ஒருநா சொல்லித்தானே ஆவணும்?"

ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். வடிதட்டைப் போட்டுப் பானையைச் சாய்த்தாள். கஞ்சி ஆவி எங்கள் இருவருக்கும் நடுவே எழுந்தது. அவள் முகம் தெரியவில்லை.

"தப்பு அவங்க மேலதானே? அதச் சொல்லு. ஒரு தடவ சொன்னாப் போதும். இல்ல, என் மேலதான்னா அதையாவது சொல்லு."

மணி அடித்தது. பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு ஓடிவரும் சத்தம் கேட்டது. அம்மா பானையை நிமிர்த்தினாள், துணியால் அதன் விளிம்பைத் துடைத்தாள், வாளியில் சோற்றை அள்ளிக்கொண்டு என்னைக் கடந்து போனாள்.

"சொல்லும்மா," என்றேன்.

முதல் பிள்ளையின் தட்டில் சோறு விழுந்தது. இரண்டாவது பிள்ளைக்குக் குனிந்தாள்.

"அம்மா. சொல்லு."